மங்கோலியாவில் நான் சொல்லாமல் விட்ட சேதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு விமானப் பயணம் பிடிக்காது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், செங்குத்தான மாடிப்படி ஏறிப் போகவேண்டிய நம் பயண நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் இப்படிச் சொல்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். டிக்கெட் போட்டேன், குழுக்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன், ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இன்னமும் லிஃப்ட் கொஞ்சம் வேகமாக இறங்கினால் காது அடைத்துக்கொள்கிறது. பாசிர் ரிஸ்ஸில் என் வீட்டு ஜன்னலில் நின்றால் சாங்கியில் இறங்கும் விமானங்கள் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். நான் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். டிக்கெட் போடுவது எப்படி, விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கைப்பேசிக்குத் தெரியாத இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒன்றுதான் முக்கியம். மற்றது சும்மா பேச்சுக்கு.

விமானம் பிடிக்காதே தவிர, அதில் ஏறும் மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜன்னல் சீட்டுக்காக என்னிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டிய மனிதர், உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். சக்கரம் தரையைத் தொட்டதுமே நம்மவர்கள் எழுந்து மேலே இருக்கும் பையை இழுப்பார்கள், ஏதோ கடைசி பஸ் போய்விடும் என்பதுபோல. ஒரு அம்மா ஐஸ்லாந்துக்கு வரும்போது பெட்டியில் பாதியை அரிசிக்கும் குட்டி ரைஸ் குக்கருக்கும் ஒதுக்கியிருந்தார். குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டால், ‘சூடா ரசம் சாப்பிட்டா குளிர் தெரியாது’ என்று பதில் வந்தது. அந்தக் குக்கர்தான் கடைசியில் பன்னிரண்டு பேருக்குச் சோறு போட்டது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் நம் ஆட்களுக்கு சுவிட்சர்லாந்து போதும், அங்கே பனியில் ஒரு போட்டோ போதும். இப்போது கடைக்கு வருகிறவர்கள், யாருமே போகாத இடமாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். யாருமே போகாத இடத்துக்கு முப்பது பேராகப் போகவேண்டும், அங்கே இட்லியும் கிடைக்கவேண்டும். அலுத்துக்கொள்கிறேனே ஒழிய, அந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் புது ஊரைப் பார்த்து வாயடைத்து நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

சேர்ந்த முதல் வருடத்தில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு இருபத்திரண்டு பேர் திருச்சி விமானத்தில் போனார்கள். சாப்பாடு என்ன போடட்டும் என்று யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் ‘ஹிண்டு மீல்’ என்று குறித்துவிட்டேன். விரதம் இருக்கும் இந்துக்களுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கமுடியும்? விமான நிறுவனங்களின் பேச்சில் அதற்கு மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு என்றுதான் பொருள், ஆடும் கோழியும் தாராளமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நடுவானத்தில் இருபத்திரண்டு முருக பக்தர்களும் தட்டைத் திறந்தால் ஆட்டுக்கறிக் குழம்பு. திரும்பி வந்ததும் குழுவின் பெரியவர் கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நான் உள்ளே ஒளிந்துகொண்டேன். அவர் பஞ்சாமிர்த டப்பாவை மேசையில் வைத்து, அடுத்த முறை கேட்டுவிட்டுப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நமக்குத் தெரிந்த பெயராக இருந்தால்தான் நாம் கேட்காமல் விடுகிறோம், அப்படித்தான் ஏமாறுகிறோம்.

இனி முக்கியமானது.

நம் கடைக்கு அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழே தெருவில் நிற்க இடமிருக்காது. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்கிறவர்கள் ஊருக்கு டிக்கெட் போட வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு ஊரில் அப்பாவோ அம்மாவோ தவறிவிட்டால், குடும்பத்தார் முதலில் அவருக்குப் போன் செய்யமாட்டார்கள். கூட வேலை செய்கிற நண்பருக்கோ நமக்கோதான் செய்வார்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவையுங்கள் என்பார்கள். நம் ஜனங்களின் வழக்கம் அது. தூரத்தில் இருப்பவருக்குச் சாவுச் செய்தியைச் சொல்லக்கூடாது, வழியில் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? வாசலுக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த முதலாளியம்மா இதைச் சட்டமாகவே வைத்திருந்தார். சேதி சொல்வது நம் வேலை இல்லை, சீட்டு வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடுவதுதான் நம் வேலை என்பார். வருகிறவரை உட்காரவைத்து டீயும் இரண்டு வடையும் வரவழைப்பார். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் டிக்கெட்டை எடுத்துவிட வேண்டும்.

ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர் ஒருவர் அப்படி வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லையாம் என்று நான் சொன்னேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படி வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

“அக்கா, இங்கேயே ஒரு வெள்ள வேட்டி வாங்கிட்டுப் போயிடவா?”

“வாங்கிக்கங்க தம்பி” என்றேன்.

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாததுபோல இருவரும் நடந்துகொண்டோம். அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். சாயங்காலம் ஒரே ஒரு விமானம், அதில் ஒரே ஒரு சீட்டு. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் அதில்தான் போயிருப்பார். அவர் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை. இதுதான் சரியான முறை என்று நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஜூன் விடுமுறையில் பதினேழு பேரை மங்கோலியாவுக்கு அழைத்துப் போனேன். அதில் ஒருவர் திலகா. வயது ஐம்பத்தேழு, ஹவ்காங்கில் வீடு, ஒரு தொடக்கப்பள்ளியின் கேண்டீனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை விட்டால்தான் அவருக்கும் விடுமுறை. கணவர் பஸ் ஓட்டுநர், லீவு கிடைக்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் பாத்தாமும் ஜோகூரும் தவிர திலகா வேறு வெளிநாடு பார்த்ததில்லை. மங்கோலியாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அவருடைய அக்காதான். பதினோரு வயது மூத்தவர், அம்மா போன பிறகு திலகாவை வளர்த்தவர், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியில் சாங்கிக்கே வந்து தங்கையை வழியனுப்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் பாதியில் ஓடி வந்துவிடப் பார்ப்பாள், விடாதீர்கள் என்றார். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வேனில் ஐந்து மணி நேரம் போனால் புல்வெளி. மரம் இல்லை, வேலி இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்லும் வானமும்தான். நடுவில் வட்டக் கூடாரங்கள் போட்ட ஒரு முகாம். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். நம்மவர்கள் முகத்தைச் சுளித்தபோது திலகா மட்டும் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். ‘கஞ்சித் தண்ணி மாதிரி நல்லாத்தான்லா இருக்கு’ என்றார். மாவு பிசைகிற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். மொழி தெரியாது, ஆனாலும் அரை மணி நேரத்தில் அவர்களுக்குச் சப்பாத்தி இடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பயணத்தில் இவர்தான் நமக்குக் கிடைத்த பரிசு என்று நான் நினைத்தேன்.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. முகாமுக்குப் பின்னால் இருந்த சின்னக் குன்றின்மேல் ஏறினால் கிடைக்கும். மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு நான் ஏறியபோது திலகாவின் கணவரிடமிருந்து ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. திரும்பக் கூப்பிட்டேன். அக்கா அன்று காலை போய்விட்டார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மண்டாயில் தகனம்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார். “ஏற்கெனவே பிரஷர் இருக்கு. அந்தக் காட்டுல ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அக்காவுக்கு சீரியஸ்னு மட்டும் சொல்லி அனுப்பி விடுங்க.”

ஒருநாள் தள்ளிவைக்க முடியாதா என்று கேட்டேன். அவர் கேட்டுப் பார்த்துவிட்டாராம். அக்காவின் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

அங்கே நின்றபடியே கைப்பேசியில் விமான நேரங்களைப் பார்த்தேன். இரண்டு வழி இருந்தது. உடனே வேனை எடுத்தால் அன்றிரவே ஒரு விமானத்தைப் பிடிக்கலாம். நடுவில் ஓர் இடத்தில் மாறி, மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு சாங்கி. இரண்டாவது வழி, மறுநாள் நண்பகல் புறப்பட்டு அன்றிரவு பதினொரு மணிக்கு சாங்கி. முதல் வழியில் முகத்தைப் பார்க்கலாம். இரண்டாவதில் முடியாது. மங்கோலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தில் குழம்பிவிட்டேன் என்று கூட நான் சொல்லிக்கொள்ள முடியாது.

கீழே வந்து திலகாவைத் தனியாக அழைத்தேன். குதிரையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸாம், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம், இன்றைக்கே கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் முழுசாகப் போகவில்லை.

“அக்காவுக்கு இந்த வருஷத்துல இது நாலாவது சீரியஸ்” என்றார். “போன தடவ கடைய அப்படியே போட்டுட்டு ஓடுனேன். போய்ப் பாத்தா பெட்ல உக்காந்து மைலோ குடிக்கிறா. பாதியில வந்தேன்னு தெரிஞ்சா அவளே என்னைத் திட்டுவா. இப்பவே அந்த ரோட்டுல அஞ்சு மணி நேரம் ஓடவேணாம். நாளைக்குக் காலையில போறேன்லா.”

அந்த இடத்திலேயே சேதியைச் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கணவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். முதலாளியம்மாவின் சட்டம் இன்னொன்று. பக்கத்து ஊர் மருத்துவரிடம் போகவே மூன்று மணி நேரம் ஆகும், இவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்ற பயமும் உண்மைதான். இவையெல்லாம் வெளியில் சொல்லக்கூடிய காரணங்கள். சொல்லக் கூச்சப்படும் காரணம் ஒன்று உண்டு. முகாமில் ஒரு ஒப்பாரி கேட்டால் மற்ற பதினாறு பேரின் பயணமும் கெட்டுப்போகும். முதல் தடவையாக நாம் போட்ட மங்கோலியப் பயணம் அது. நன்றாக முடிந்தது என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு தடவை, இன்றைக்கே போனால் நல்லது என்று மென்று விழுங்கிக்கொண்டு சொன்னேன். சீரியஸ் என்ற வார்த்தையை நம் குடும்பங்கள் அவ்வளவு தேய்த்து வைத்திருக்கின்றன, அதற்கு மேல் அதில் பலம் இல்லை. திலகா குன்றில் ஏறிக் கணவருக்குப் போன் செய்தார். ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், பார்க்க விடவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். இறங்கி வரும்போது, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு வேளையாக ஒருத்தரும் குட்மார்னிங் படம்கூடப் போடவில்லை, அங்கே மழை, எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள் போல என்றார். யாரும் எதுவும் போடக்கூடாது என்று கணவர் கட்டளை போட்டிருந்தார். அந்தக் குழுவில் நாற்பது பேர். நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

அன்றிரவு அந்த விமானம் திலகா இல்லாமல் போயிற்று.

மறுநாள் விடியற்காலையில் குழுவை உள்ளூர் வழிகாட்டியிடம் விட்டுவிட்டு நானே திலகாவை நகரத்துக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் கம்பளிச் சால்வை விற்கும் கடை ஒன்று இருந்தது. அக்காவுக்கு டயாலிசிஸ் அறையில் குளிரும் என்று சொல்லி உள்ளே போனார். மெரூன் ஒன்று, சாம்பல் நிறம் ஒன்று, இரண்டையும் தோளில் போட்டுக் காட்டினார்.

“எது எடுப்பா இருக்கும்? அவ உங்க கலர்தான்.”

“மெரூன்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. குதிரையிலிருந்து இறங்கியபோது சொல்லாதது தப்பு. ஆனால் அதற்குச் சாக்கு இருந்தது. சால்வைக் கடையில் எந்தச் சாக்கும் இல்லை. முதல் விமானம் போய்விட்டது, இனி எதையும் மாற்ற முடியாது, இருந்தும் ஒரு மனுஷியை இறந்துபோன அக்காவுக்கு நிறம் பார்க்கவிட்டு அருகில் நின்றேன்.

முகாமுக்குத் திரும்பியதும் சாயங்காலம் குன்றின்மேல் ஏறினேன். மணி ஐந்து பத்து. மண்டாயில் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றபோது திலகாவிடமிருந்து செய்தி வந்தது. விமானம் மாறும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன், கவலைப்படாதீர்கள், அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, தூங்குகிறாள் போல என்று எழுதியிருந்தார். நான் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு நான் பதில் எழுதவில்லை.

பிறகு நடந்ததை அவருடைய கணவர் சொல்லித்தான் தெரியும். சாங்கியில் வெளியே வந்தபோது அக்காவின் மகன் நின்றுகொண்டிருந்தான். தலை மொட்டை. அதைப் பார்த்ததும் திலகா தள்ளுவண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பயந்தபடி அவர் மயங்கி விழவும் இல்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாராம்.

குழுவோடு நான் திரும்பியதும் ஹவ்காங் வீட்டுக்குப் போனேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நீங்கள் சொல்லவில்லை என்று நன்றி சொன்னார். அதைப்போல ஒரு நன்றி எனக்கு வேண்டவே வேண்டாம். திலகா அறையை விட்டு வெளியே வரவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

கடையில் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மதியம் மட்டும் வந்து உட்காருவார். நீ சரியாகத்தான் செய்தாய் என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன். அவர் எதிரே இருந்த கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார்.

“அவங்களுக்காகத்தான் நான் சொல்லாம இருந்தேன்னு நெனச்சியா?” என்றார். “வாயத் தொறந்து சொல்லிட்டு அந்த மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அதான் டீ, வடைன்னு ஏதோ பண்ணிட்டிருந்தேன். அதப் போயி நீ சட்டம்னு எடுத்துக்கிட்ட.”

அவர்மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை.

பயணப் படிவத்தில் அதற்குப் பிறகு நான் சேர்த்த ஒரு கேள்வி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வீட்டில் துக்கம் நேர்ந்தால் உங்களுக்கு உடனே சொல்லலாமா, ஊருக்கு வந்தபிறகு சொல்லவேண்டுமா என்று. அபசகுனமாக இருக்கிறது, எடுத்துவிடலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். எடுக்கவேண்டாம். அந்தக் கேள்வியைக் குடும்பத்தாரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், பயணியைத் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலோர் உடனே சொல்லுங்கள் என்றுதான் குறிக்கிறார்கள். வேண்டாம் என்று குறிப்பவரும் உண்டு, அதுவும் அவர் உரிமை. படிவம் கையில் இல்லாத நாளில் எப்படி முடிவெடுப்பது என்றால், எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அந்த மனிதர் தேர்ந்தெடுக்க வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேதி அவருடையது, உங்களுடையதோ அவர் வீட்டாருடையதோ அல்ல. உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் அதற்குப் பிறகு மூன்று தடவை சொல்ல நேர்ந்தது, மூன்று தடவையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திலகா கடைக்கு வந்தார். தெருவெல்லாம் அலங்கார வளைவுகள், கீழே கூட்டம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. இளைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்ககிட்ட சண்ட போட வரல. ஒன்னே ஒன்னு கேக்கணும்” என்றார். “வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அவ்வளவு தூரம், அன்னிக்கே கெளம்பியிருந்தாலும் எப்படியும் நீ வந்து சேந்திருக்க முடியாதுன்னு. என் வீட்டுக்காரரு சொல்றாரு, அக்கா பையன் சொல்றான். டிக்கெட் போடுறவங்க நீங்க. உங்களுக்குத்தான் தெரியும். உண்மையா?”

என் எதிரே கம்ப்யூட்டர் இருந்தது. ஆமாம் திலகா, அன்றைக்கு இடமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். அவருடைய குடும்பம் முழுவதும் அவருக்காக அந்தப் பொய்யைத்தான் நாலு மாதமாகக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நானும் அதற்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்தால் போதும். அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல. வந்திருக்கலாம்” என்றேன். “அன்னிக்கு மூனு மணிக்கு நான் சொல்லியிருந்தா, ராத்திரி ஃப்ளைட்ல எடம் இருந்துச்சு. மறுநாள் ரெண்டு மணிக்கு சாங்கி வந்திருப்பீங்க. எடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்கே போயிருப்பீங்க. நான்தான் சொல்லல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். விரல்களை மடக்கி மணியைக் கணக்குப் பார்த்தார். இரண்டு, மூன்று, மூன்றரை.

“ஒரு மணி நேரமாச்சும் பக்கத்துல உக்காந்திருப்பேன்” என்றார்.

“ஆமா.”

“நான்தான் குளிப்பாட்டியிருப்பேன்.”

“ஆமா, திலகா.”

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அதுவரை ஒழுங்காக அழவே இல்லை என்று பிறகு சொன்னார், எதற்கு அழுவது என்றே தெரியாமல் இருந்ததாம். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடலாமா என்று தெரியவில்லை, அதனால் தொடவில்லை. கவுண்டரில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் அழுது முடிக்கும்வரை நான் எடுக்கவில்லை.